சத்தம் போடாத கேமராவைக் கஸ்தூரி நம்பவில்லை

“எடுத்தாச்சு” என்றேன்.

“எப்ப எடுத்த?” என்றாள் கஸ்தூரி.

“இப்பத்தான். மூணு படம்.”

“சத்தமே வர்ல?”

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்த பேச்சு இது. வருஷம் எதுவென்று கேட்காதீர்கள், சமீபத்தில்தான். மீன்பிடித் தடைக்காலம் அன்றோடு முடிகிறது. இரவு கழிந்தால் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகலாம். ரெண்டு மாசமாகக் கட்டிக்கிடந்த படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, பூசணிக்காயைத் தயாராக வைத்துக்கொண்டு, துறைமுகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. டீசலும் மீனும் நாறுகிற கல்யாண வீடு.

கஸ்தூரியின் விசைப்படகு பளிச்சென்று நீலமாக நின்றது. அந்த நீலம் என் கடைச் சரக்கு. இராயபுரத்தில் எனக்குப் பெயின்ட், கயிறு, போல்ட்டு, நட்டு விற்கிற கடை. தெற்கேயிருந்து வந்து கடை போட்டவன் என்பதால் இந்த ஊருக்கு நான் அண்ணாச்சி. சொந்தப் பெயரை ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். கடையை விட்டால் எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் போட்டோ எடுப்பது.

படகின் மூக்கில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். புது லுங்கி, நெற்றியில் சந்தனம். நடுவில் கஸ்தூரியின் புருஷன் தேசப்பன். அவர்தான் டிரைவர். கடலில் படகை ஓட்டுகிறவரைக் காசிமேட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

தேசப்பனுக்குப் பொங்கல் சமயத்தில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனிமேல் கடல் வேண்டாம் என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்த மனுஷன், தடைக்காலம் முடியப்போகிறது என்றதும் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். கஸ்தூரி திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அடுப்பு மூட்டாமல் இருந்து பார்த்தாள். அவர் ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சுக்குப் பரோட்டா இன்னும் கெடுதல் என்பதால் அவளே மறுபடி அடுப்பை மூட்ட வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரே ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். வருஷா வருஷம் எடுப்பது போல, கிளம்புவதற்கு முன்னால் என் கேமராவில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். அது ஆனால்தான் படகு நகரும்.

அந்தப் படத்தைத்தான் நான் எடுத்துவிட்டேன் என்கிறேன். அவள் இல்லை என்கிறாள்.

“ஏ, அவுரு எட்தாச்சுன்றார்ல, வுடேன்” என்றார் மேலேயிருந்து தேசப்பன்.

“நீ சொம்மா கெட. மூஞ்சிய நேரா வெச்சுகினு நில்லு.”

நான் கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினேன். தேசப்பனின் மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கஸ்தூரி உற்றுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கீது. ஆனா துணிக்கட போர்டு மாரி கீது. எங்க ஆளுங்க மாரி இல்லியே.” பிறகுதான் என் கழுத்தில் தொங்கிய வாரைப் பார்த்தாள். ஊதா நிறம். உடனே தன் உள்ளங்கையால் புது லென்ஸை அப்படியே பொத்தினாள். காலையிலிருந்து மீன் அரிந்த கை.

“இத்து நம்ம கேமரா இல்ல. நம்ம பச்ச கேமரா எங்க?”

நம்ம கேமராவாம். வாங்கியவன் நான். சுமந்து சுமந்து தோள்பட்டை இறங்கிப்போனவன் நான்.

கட்சி மாறியவன்

நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் கேமரா பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. ஏன் அண்ணாச்சி ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் அவர்கள் எனக்கு ஒரு லென்ஸ் மூடிகூட இனாமாகக் கொடுத்ததில்லை. நான் மட்டும் எதற்கு ஓசியில் விளம்பரம் செய்ய வேண்டும்?

எங்கள் பக்கம் வாரின் நிறத்தை வைத்துத்தான் கேமராவை அடையாளம் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிற எங்கள் கோஷ்டியில் பச்சை ஒரு கட்சி, ஊதா ஒரு கட்சி. காசிமேட்டில் ஆரம்பித்துத் திருவொற்றியூர் டீக்கடையில் முடிவதற்குள், எடுத்த படத்தைவிடப் போட்ட சண்டை அதிகமாக இருக்கும்.

நான் பச்சையில் சேர்ந்தது காதல் கதை அல்ல. கேமரா வாங்கப் பாரிமுனைக்குப் போன அன்று கடைக்காரரிடம் பச்சைதான் இருந்தது. அவர் பார்த்து முடித்து வைத்த சம்பந்தம். அதற்குப் பிறகு அதன் அருமை பெருமைகளை ஊரெல்லாம் அளந்ததெல்லாம், கட்டிக்கொண்டதை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்ற ரோஷத்தில்தான்.

உள்ளதைச் சொல்கிறேன். கழுத்தில் மாட்டினால் குழவிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். மெனுவுக்குள் போனால் தாலுகா ஆபீஸ். நாம் தேடுகிறது எப்போதும் அடுத்த ஜன்னலில்தான் இருக்கும். பேட்டரி மூடி உடைந்துபோய், என் கடை இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். பொத்தானை அமுக்கினால் இரும்பு பீரோவைச் சாத்தின மாதிரி ‘டப்’ என்று ஒரு சத்தம். எங்கள் சபையில் ஒரு ஞானஸ்நானத்தைப் படம் எடுத்தபோது, போதகர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரே ஒரு நல்லது உண்டு. கறுத்த மனுஷனைக் கறுப்பாகவே காட்டும். ஊதாவில் எடுத்தால் இராயபுரத்து ஆட்கள் எல்லோரும் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த மாதிரி இருப்பார்கள். ஆனால் இந்த ஒரு நல்லதுக்காக அத்தனை கஷ்டத்தையும் சகித்துக்கொள்கிற அளவுக்கு நான் மகான் இல்லை.

ஊதாக் கட்சியின் தலைவர் பாலு. மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எண்ணூரில் இருக்கிறார். அவ்வளவு புகையைக் குடித்தும் அவருடைய குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. என் கேமராவின் சத்தம் கேட்கும்போதெல்லாம், “யோவ் அண்ணாச்சி, போட்டோ எடுக்கிறியா, பூட்டு ஒடைக்கிறியா?” என்பார்.

இப்படி இருக்கும்போது என் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். “அப்பா, ஒரு தோள் இறங்கியே போச்சு, கண்ணாடியில பாருங்க” என்று ஊதாவின் புது மாடலை என் மடியில் வைத்தாள். உள்ளங்கை அகலம்தான். கனமே இல்லை, சத்தமே இல்லை. நான் மயங்கிவிட்டேன். என் மனைவி எஸ்தர்தான், “இத்தன வருசமா அந்தப் பச்சைக்குத்தான வக்காலத்து வாங்குனிய? இப்பம் என்னாச்சு?” என்று ஒரு குத்து குத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாலு எனக்கு விழாவே எடுத்துவிட்டார். கட்சி மாறி வருகிறவர்களுக்குப் போடுவது போல சால்வை போட்டார். ஊதா நிறச் சால்வை, எங்கே பிடித்தாரோ. என் பழைய பச்சையை, சரணடைந்தவனின் ஆயுதம் என்று சொல்லி, சார்ஜரோடும் பையோடும் வாங்கிக்கொண்டார். “ஷோகேஸ்ல வெச்சு தெனம் பாத்து சிரிப்பேன்யா” என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

கஸ்தூரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சங்கரா மீன் கொடுத்த சர்டிபிகேட்

கேமராவோடு வந்த கையேட்டை முழுக்கப் படித்தவன் நான். தூசி, ஈரம், வெயில் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். மீனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பச்சையை வாங்கின புதிதில் கஸ்தூரி என் கடையில் பெயின்ட் எடுத்திருந்தாள். அப்போதும் நீலம்தான். அடித்த பிறகு நிறம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத் துறைமுகத்துக்குப் போனேன். கேமராவைச் சோதித்த மாதிரியும் இருக்குமே என்று, கிளம்பத் தயாராக இருந்த ஆட்களைப் படகின் மூக்கில் நிற்க வைத்து ஒரு படம் அடித்தேன். டப்.

அந்தத் தடவை வலை கொள்ளாமல் சங்கரா மீன். கஸ்தூரி ஒரு பெரிய பை நிறையக் கொண்டுவந்து என் கடை மேஜையில் பொத்தென்று வைத்தாள். “உன் கேமரா செம ராசி நைனா!” பில் புத்தகமெல்லாம் மீன் தண்ணி. ராசியாவது ஒன்றாவது என்று சிரித்தேன். மீனை மட்டும் மறுக்கவில்லை.

அடுத்த வருஷமும் கூப்பிட்டாள், அதற்கடுத்த வருஷமும் கூப்பிட்டாள். அதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். தடைக்காலம் முடிகிற அன்று என் கடை ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும் என்பது இராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். “ராசி பாக்குறது வேதத்துக்கு விரோதம், தெரியும்லா?” என்பாள் எஸ்தர். வாசலில் பூனை குறுக்கே போனால் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டதாகச் சொல்லி அவள் உள்ளே வந்துவிட்டுப் போவது வேறு விஷயம்.

ஒவ்வொரு வருஷமும் மீன் கொட்டியதா என்றால், இல்லை. சில வருஷம் போட்ட ஐஸ்கூட வீண். “என்ன கஸ்தூரி, உன் ராசி தூங்கிடுச்சா?” என்று சீண்டுவேன். “அத்த வுடு அண்ணாச்சி” என்று பேச்சை மாற்றிவிடுவாள். மீன் வந்தால் கேமராவின் ராசி, வராவிட்டால் காற்றின் குற்றம். நம்புகிறவர்களின் கணக்கே இப்படித்தான் என்று நானும் விட்டுவிடுவேன்.

நடுவில் ஒரு வருஷம் மட்டும் படம் எடுக்கவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து, ஊருக்குப் போய்க் கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பயணத்தில்தான், படகில் புதிதாகச் சேர்ந்திருந்த கஸ்தூரியின் தம்பி ஏழுமலை கடலில் தவறிப்போனான். திரும்பி வந்ததும் துக்கம் கேட்கப் போனேன். அடுத்த வருஷம் அவளே கடைக்கு வந்து, “கேமரா எட்துகினு வா அண்ணாச்சி” என்றாள். போனேன்.

போனில் கேட்ட சத்தம்

கஸ்தூரி லென்ஸை விட்டுக் கையை எடுக்கவில்லை. பூசாரி கற்பூரத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நெளிந்தார். “மூணு மணிக்கு ராகு காலம் பொறக்குதும்மா. அதுக்குள்ள காய ஒடைக்கணும்.” ஐஸ் ஏற்றப் போகிற படகுகள் பின்னால் நின்று ஹாரன் அடித்தன.

“பச்சையை ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்மா” என்றேன்.

“குட்த்துட்டியா?” அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. ரத்தம் சுண்டிப்போன முகமாக இருந்தது. “எட்துகினு வர சொல்லு. வர்ற வரைக்கும் போட்டு நவுறாது.”

பாலுவுக்குப் போன் போட்டேன்.

“என் பச்சை எங்கவே?”

“ஷோகேஸ்ல தூங்கினு கீது. அதுக்குள்ள பிரிவுத் துயரமா?”

“நீரு எங்க இருக்கீரு?”

“காட்டுப்பள்ளிக்கு வந்தேன். நாரைங்க நிக்குது. கத்தாத, பறந்துடும்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டப். இன்னொன்று. டப். ஊதாவுக்குத்தான் சத்தமே கிடையாதே.

“பாலு, கையில இருக்கறது என்ன?”

“ஷோகேஸ்லயே வெச்சா பூஞ்ச புடிச்சுக்கும்னு வெளிய எட்தாந்தேன்யா” என்றார் ஊதாக் கட்சித் தலைவர். குரல் முதல் தடவையாகக் கம்மியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் பைக்கை எடுத்துவிட்டார். வள்ளூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் வந்தும்விட்டார். அங்கேயிருந்து மறுபடி போன்.

“அண்ணாச்சி, கன்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிகினேன். ஒரு வண்டி நவுறல. டிரைவருங்க எறங்கி நெயல்ல குந்திகினு சோறு துன்றானுங்க. பைக் பூற சந்து இல்ல.”

சரக்குத் துறைமுகத்துக்குப் போகிற அந்த லாரி வரிசையைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயமே எழுதலாம். அதில் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்தைத் தவறவிட்ட மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மணியைப் பார்த்தேன். கஸ்தூரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“யாரு, பாலு அண்ணனா? நீ இன்னா பண்ற, வண்டிய ஓரங்கட்டிட்டு நேரா எண்ணூரு குப்பத்துக்கு நட. எங்க சித்தப்பா மவன் அங்க கீறான், ஃபைபர் போட்டு எட்துகினு வருவான். ஏறி குந்திக்க.”

“தங்கச்சி, எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“உன்ன யாரு நீந்த சொன்னா? கேமரா நெனையாம பாத்துக்க, அது போதும்.”

கடல் வழியாக ஒரு பார்சல்

காத்திருந்த நேரத்தில் தேசப்பன் என்னைப் படகுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார். ஸ்டீயரிங் இருக்கிற சின்ன அறை. சுவரில் நான் எடுத்த படங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் அதே படகு மூக்கு, அதே ஆட்கள். வயிறும் நரையும் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடியிருந்தன. நடுவில் ஒரு படம் அளவுக்குப் பலகை வெறுமையாகத் தெரிந்தது. நம்ம காமாலை வருஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. காலை, மதியம், ராத்திரி என்று தனித்தனிப் பொட்டலமாக மாத்திரைகள்.

“கஸ்தூரி கட்டி வெச்சிருக்கா” என்றார். “எனக்கு இன்னா ஆவப்போவுது அண்ணாச்சி? வூட்ல குந்திகினு செவுத்த பாத்தாதான் நெஞ்சு வலிக்குது. கடலுக்குப் போனா சரியாப் பூடும்.”

“டாக்டர் அப்படிச் சொல்லலையே.”

“அவுரு கடலுக்குப் போனதில்ல.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே பார்த்தால், கஸ்தூரி, படகு கட்டுகிற வார்ப்பின் ஓரத்தில் வடக்கே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். முந்தானை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துச் செருகக்கூடத் தோன்றாமல் நின்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் மீனுக்கா இவ்வளவு பதற்றம் என்று நினைத்தேன். படித்த முட்டாளாக இருப்பதில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

ராகு காலத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தார். அப்போது ஃபைபர் படகு ஒன்று அலையில் குதித்துக் குதித்து வந்தது. நடுவில் பாலு. சட்டை இல்லை, வெறும் பனியன். முகம் வெளிறி, உதடு உப்புப் பூத்துப் போயிருந்தது. கேமராவை மீன் பெட்டிக்குள் வைத்து, சட்டையைக் கழற்றி அதன் மேல் சுற்றி, மூடியின் மேல் தானே உட்கார்ந்து வந்திருந்தார். வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறார். ஆனால் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“இந்தாய்யா உன் சனியன்” என்று நீட்டினார்.

அந்தக் கனம் கைக்கு வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் என் தோள்பட்டை கோபித்துக்கொள்ளும். பொத்தானைத் தள்ளினேன். பேட்டரி அடையாளம் சிவப்பாக மின்னியது.

“காலையிலேருந்து எத்தனை நாரையைவே எடுத்தீரு?”

பாலு கடலைப் பார்த்தார். “கலரு சோக்கா வந்துச்சுய்யா. அதான் வுட முடியல.” இத்தனை வருஷச் சண்டையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். கொண்டாட நேரம் இல்லை.

“எல்லாரும் நில்லுங்க! ஒரே ஒரு படம்தான் வரும். யாரும் கண்ணை மூடக் கூடாது!”

ஆட்கள் மூக்கில் ஏறி நின்றார்கள். கஸ்தூரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் காதில் கேட்டது. நான் அமுக்கினேன்.

டப்.

திரையில் படம் ஒரு கணம் வந்தது, பிறகு கேமரா அணைந்துவிட்டது. அந்த ஒரு கணத்தில் நான் பார்த்துவிட்டேன். எல்லோரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்க, தேசப்பன் மட்டும் தும்மப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, கண்ணை இறுக மூடியிருந்தார்.

“கஸ்தூரி, படம் கெட்டுப்போச்சும்மா. அவரு கண்ணை மூடிட்டாரு.”

“மூஞ்சி வுழுந்துச்சா?”

“விழுந்துச்சு, ஆனா கண்ணு...”

“கண்ணு கெடக்குது கண்ணு. வுழுந்துச்சுல்ல? போதும்.” அதற்குப் பிறகுதான் முந்தானையை இழுத்துச் செருகினாள். “பூசாரி, காய ஒட!”

பூசணி உடைந்தது. படகு ஐஸ் ஏற்றப் போனது. தேசப்பன் அந்தச் சின்ன அறையிலிருந்து கையை நீட்டி, எங்களைப் பார்க்காமலே ஆட்டிவிட்டுப் போனார்.

ஐஸ் மிச்சம்

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. படகு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, படத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஏலம் போடுகிற இடத்துக்குப் போனேன். கஸ்தூரியின் கூடைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. பொடி மீன், நாலு நண்டு, கொஞ்சம் கணவாய். தேசப்பன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, மெலிந்து கறுத்துப்போய், அவள் ஊட்டாத குறையாக நீட்டிய இட்லியைத் தின்றுகொண்டிருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? “என்ன கஸ்தூரி, பாலுவ கடல்ல தூக்கிப்போட்டு வரவழைச்சியே, ராசிக் கேமரா காலை வாரிடுச்சே! ஐஸ்தான் மிச்சம் போல!”

கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தேசப்பன் கை கழுவப் போகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

“மீனுக்கா உன்ன இட்டாந்தேன்? மீனு இன்னிக்கி வரும், நாளைக்கி வராம போவும். அத்த வுடு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இத்தினி வருசமா உன் கேமரால எத்தினி பேரு வுழுந்துகீறானுங்க. ஒருத்தனாவது கரைக்கு வராம போனானா? நீயே சொல்லு.”

நான் யோசித்தேன். ஒருவர்கூட இல்லை.

“ஏயுமல ஒருத்தன்தான் வுழுவல” என்றாள்.

பின்னால் ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வெறும் பலகை தெரிந்த அந்த இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“இதை ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ வருவியா? பயந்துகினு உங்க ஊருக்கே ஓடிப் பூடுவ. மீனுன்னு சொன்னா கிண்டல் பண்ணிகினே வருவ. வந்த இல்ல?”

பிரின்ட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பிளந்த புருஷனைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “கலீஜா கீறான் பாரு” என்றாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. இப்போதும் நம்பவில்லை. கடலுக்கு என் கேமரா எந்தக் கம்பெனி என்று தெரியாது. ஆனால் வருஷா வருஷம் நான் ஒரு பொம்பளையின் பயத்தை மீன் ஆசை என்று நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அவளும் அதைச் சிரித்தபடி தாங்கிக்கொண்டு, என்னைப் பயப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பிறகு ஊதாவை எப்படிக் கழுத்தில் மாட்டுவது? அதை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். சபையில் சத்தமில்லாமல் படம் எடுக்கிறாள். போதகருக்குப் பரம சந்தோஷம்.

பச்சைக்கும் வயசாகிறது. என்றைக்காவது அமுக்கினால் அமுங்காது. அதனால் ஒன்றை வாங்கிக் கையிருப்பில் வைத்துவிடலாம் என்று மறுபடியும் பாரிமுனைக்குப் போனேன்.

கடையில் இருந்த இளைஞர் உற்சாகமாகப் பச்சையின் புது மாடலை எடுத்துக் காட்டினார். “சார், ஃபுல் சைலன்ட். அமுக்கினது உங்களுக்கே தெரியாது.”

“சத்தம் போடறது இருக்கா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போய், யாரோ வாங்கிப் பயன்படுத்திவிட்டு விற்ற பழைய மாடல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். நான் லென்ஸைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. கஸ்தூரிக்குப் போன் போட்டு, போனைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

டப்.

“கேக்குதா?”

“இன்னொரு தபா” என்றாள்.

டப்.

அந்தப் பக்கம் ஏலச் சத்தம், காக்காச் சத்தம். அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

“ஆங். அதான். எட்துகினு வா.”